ஒரு பக்கத்துக்கு ஒரே முகவரி: வாசகர் கேள்வி பதில்

இணையதளம் நடத்தும் வாசகர்களிடமிருந்து, பக்கங்களின் முகவரியை எப்படி அமைத்தால் கூகுள் தேடலில் முன்னுக்கு வரலாம் என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்துள்ளன. இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: மோட்டார் பம்பு உதிரிபாகங்கள் விற்கும் எங்கள் தளத்தில் ஏறத்தாழ 300 பக்கங்கள் உள்ளன. முகவரிகளில் முக்கியச் சொற்கள் இல்லாததால்தான் நாங்கள் தேடலில் பின்தங்கியிருக்கிறோம் என்று ஓர் ஆலோசகர் சொல்கிறார். எல்லா முகவரிகளையும் 'கோவை-சிறந்த-மலிவான-மோட்டார்-பம்பு-உதிரிபாகம்' என்ற பாணியில் மாற்றித் தருவதாகச் சொல்லிக் கட்டணமும் கேட்கிறார். மாற்றலாமா?
— சிறுதொழில் நடத்தும் வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வேண்டாம். தொடக்கநிலையினருக்காகக் கூகுள் வெளியிட்டிருக்கும் வழிகாட்டியிலேயே, தளத்தின் பெயரிலோ பக்கத்தின் முகவரியிலோ முக்கியச் சொற்கள் இருப்பதனால் மட்டும் தரவரிசையில் குறிப்பிடத்தக்க பலன் ஏதும் கிடைப்பதில்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். தேடல் முடிவில் தலைப்புக்கு அருகே தளத்தின் பிரிவுகளை வரிசையாகக் காட்டும் சிறு வரியில் அச்சொற்கள் தெரியும் என்பதுதான் அவர்கள் ஒப்புக்கொள்ளும் ஒரே பயன். அந்த வரியையும் 2025 ஜனவரியில் கைபேசித் தேடலிலிருந்து நீக்கிவிட்டார்கள். கைபேசியில் இப்போது தளத்தின் பெயர் மட்டுமே தெரிகிறது. உங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் கைபேசியில் தேடுபவர்களாக இருந்தால், ஆலோசகர் விற்க முன்வரும் பொருள் அவர்கள் கண்ணிலேயே படாது.

மாற்றுவதால் வரும் இழப்போ உண்மையானது. முகவரியில் ஓர் எழுத்து மாறினாலும் கூகுளுக்கு அது வேறு பக்கம். பழைய முகவரி இத்தனை ஆண்டுகளில் சேர்த்துவைத்த இணைப்புகளையும் மதிப்பையும் புதிய முகவரிக்குக் கொண்டுசேர்க்க, 300 முகவரிகளுக்கும், பழையதற்கு வருபவரைப் புதியதற்கு அனுப்பும் நிரந்தரத் திருப்பிவிடல் எழுத வேண்டும். அதில் ஒன்று தவறினாலும் அந்தப் பக்கம் தேடலிலிருந்து விழும். முகவரியை அழகுபடுத்துவதற்காக நன்றாக இயங்கும் பக்கத்தைக் கலைப்பது வீண்வேலை.

அப்படியானால் முகவரி எப்படி இருந்தாலும் பரவாயில்லையா என்றால், அதுவும் இல்லை. வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தொடுவதற்கு முன்பு, உள்ளே என்ன இருக்கிறது என்பதை ஒருவர் முகவரியைப் பார்த்தே ஊகிக்க முடிந்தால் அது நல்ல முகவரி. அதைவிட முக்கியமானது, தளத்தின் ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு முகவரியில் மட்டும் கிடைக்க வேண்டும் என்பது. தேடலில் தளங்கள் பின்தங்குவதற்கு முகவரி காரணமாக இருக்கும் இடங்களில் பெரும்பாலும் இந்த இரண்டாவது விதிதான் மீறப்பட்டிருக்கும். அடுத்தடுத்த கேள்விகளில் இதை விரிவாகப் பார்ப்போம்.

இனிமேல் சேர்க்கும் பக்கங்களுக்கு மட்டும், பொருளைச் சொல்லும் மூன்று நான்கு சொற்களைச் சிறிய எழுத்தில் எழுதி, சொற்களுக்கு இடையே ஹைபன் (-) இடுங்கள். அண்டர்ஸ்கோரைவிட (_) ஹைபனையே கூகுள் பரிந்துரைக்கிறது. சொற்களைத் தனித்தனியாகப் பிரித்து அறிய அதுதான் உதவுகிறது. ஏற்கெனவே அண்டர்ஸ்கோரோடு இருக்கும் பழைய முகவரிகளை இதற்காகத் தொட வேண்டாம். 'சிறந்த', 'மலிவான' போன்ற அடைமொழிகளை முகவரியில் அடுக்குவது, படிப்பவருக்கு ஐயத்தைத்தான் உண்டாக்கும்.

கேள்வி: வேளாண் தகவல்களுக்காக தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் தமிழ்த் தளம் நடத்துகிறேன். கட்டுரையின் இணைப்பை நகலெடுத்து அனுப்பினால், விழுக்காட்டுக் குறியும் எண்ணும் எழுத்துமாக நான்கைந்து வரிக்கு நீள்கிறது. சில முகவரிகளில் தலைப்பு பாதியிலேயே வெட்டுப்பட்டும் இருக்கிறது. முகவரியைத் தமிழில் வைப்பதா, ஆங்கில எழுத்தில் வைப்பதா?
— வேளாண் பட்டதாரி, தேனி

பதில்: முகவரி என்பது அடிப்படையில் ஆங்கில எழுத்துகள், எண்கள், சில குறிகள் ஆகியவற்றை மட்டுமே ஏற்கும் அமைப்பு. தமிழ் எழுத்து உள்ளே செல்ல வேண்டுமானால் அதைக் குறிமாற்றம் செய்தாக வேண்டும். யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள்; ஒவ்வொரு பைட்டும் முகவரியில் ஒரு விழுக்காட்டுக் குறியும் அதைத் தொடரும் இரண்டு எழுத்துகளுமாக மாறும். ஆகவே ஒரு குறிக்கு ஒன்பது இடம் செலவாகிறது. 'தமிழ்' என்னும் சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள் உள்ளன. நாம் மூன்று எழுத்து என்று எண்ணும் அந்தச் சொல் முகவரிக்குள் 45 இடங்களை எடுத்துக்கொள்கிறது.

தலைப்பு வெட்டுப்படுவதற்கும் இதுவே காரணம். கட்டுரையின் முகவரிச் சொல்லுக்கு வேர்ட்பிரஸ் தன் தரவுத்தளத்தில் 200 இடங்களை மட்டுமே ஒதுக்கியிருக்கிறது. ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழுக்கு ஏறத்தாழ 22 குறிகளோடு தீர்ந்துவிடும். 'வாழை மரத்தில் இலைப்புள்ளி நோயும் தடுப்பு முறைகளும்' என்று தலைப்பிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'வாழை' 36 இடம், ஹைபன் ஒன்று, 'மரத்தில்' 72 இடம், இன்னொரு ஹைபன். எஞ்சிய 90 இடங்களில் பத்துக் குறிகள்தான் அடங்கும். முகவரி 'வாழை-மரத்தில்-இலைப்புள்ள' என்று, ளகரத்தின் மேலிருக்கும் இகரக் குறியைக்கூட விட்டுவிட்டு, அங்கேயே நின்றுபோகும். கட்டுரையின் உயிரான 'நோய்' முகவரியில் இடம்பெறவே இல்லை. இதே தொடக்கத்தோடு அடுத்த வாரம் மற்றொரு கட்டுரை எழுதினால், அதன் கடைசியில் வேர்ட்பிரஸ் தானாக 2 என்று சேர்த்துக்கொள்ளும். பிறகு இரண்டு முகவரிகளுள் எது எதற்கானது என்பது உங்களுக்கே நினைவிருக்காது.

தேடலைப் பொறுத்தவரை இரண்டு வழியும் செல்லும். படிப்பவர்களின் மொழியிலுள்ள சொற்களை முகவரியில் பயன்படுத்தலாம் என்றே கூகுள் சொல்கிறது. குறிமாற்றம் செய்யப்பட்ட முகவரியை அது சரியாகப் படித்துக்கொள்ளும். தமிழ் விக்கிப்பீடியா முழுவதும் தமிழ் முகவரிகளில்தான் இயங்குகிறது. அங்குள்ள கட்டுரைகள் தேடலில் முன்னணியில் வருவதை நாம் அன்றாடம் பார்க்கிறோம். எனவே தமிழ் முகவரியால் தரவரிசை குறையும் என்ற பேச்சை நம்ப வேண்டியதில்லை.

சிக்கல் பகிர்வதில்தான் உள்ளது. நகலெடுத்து ஒட்டும்போது குறிமாற்ற வடிவம் வெளிப்பட்டுவிடுவதால், பார்ப்பவர் அதை மோசடி இணைப்பு என்று எண்ணித் தொடாமல் போகக்கூடும். சில செயலிகள் நீண்ட முகவரியை இடையில் முறித்துவிடுவதும் உண்டு. உங்கள் கட்டுரைகள் பெரும்பாலும் உழவர் வாட்ஸ்அப் குழுக்களின் வழியாகவே பரவும் என்பதால், தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக எழுதும் வழியையே உங்களுக்குப் பரிந்துரைப்பேன். தலைப்பு முழுவதையும் மாற்ற வேண்டாம். 'வாழை-இலைப்புள்ளி-நோய்' என்ற அளவுக்கு ஆங்கில எழுத்தில் எழுதினால் போதும். ழகரத்தையும் நெடிலையும் ஆங்கிலத்தில் எழுத ஆளுக்கொரு முறை வைத்திருக்கிறார்கள். எந்த முறையை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் 'வாழை'யை ஒரு கட்டுரையில் ஒரு விதமாகவும் மற்றொன்றில் வேறு விதமாகவும் எழுதாதீர்கள்.

தமிழ் முகவரிதான் வேண்டும் என்ற பிடிப்பு உங்களுக்கு இருந்தால், அதுவும் மதிக்கத்தக்கதே. அப்போது வேர்ட்பிரஸ் தானாகத் தரும் முகவரியை அப்படியே விட்டுவிடாமல், வெளியிடுவதற்கு முன்பே அந்தப் பெட்டியைத் திறந்து, இரண்டு சொல் அளவுக்கு நீங்களே எழுதுங்கள். 'வாழை-இலைப்புள்ளி' என்பது 136 இடம்தான், தாராளமாக அடங்கும். எந்த வழியைத் தேர்ந்தாலும் அது இனி எழுதும் கட்டுரைகளுக்கே பொருந்தும்; ஏற்கெனவே வெளியான முகவரிகள் வெட்டுப்பட்டிருந்தாலும் அப்படியே இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் பட்டுச்சேலைக் கடையின் தளத்தில் 400 சேலைகள்தான் உள்ளன. ஆனால் தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் கருவியில் பார்த்தால், அது கண்டறிந்த பக்கங்கள் என்று பல ஆயிரம் காட்டுகிறது. புதிதாகச் சேர்க்கும் சேலைகளோ வாரக்கணக்கில் தேடலில் வருவதில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
— கடை உரிமையாளர், காஞ்சிபுரம்

பதில்: உண்டு என்றே தெரிகிறது. உங்கள் தளத்தில் நிறம், விலை, வரிசைமுறை ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கும். வாடிக்கையாளர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போதெல்லாம் முகவரியின் இறுதியில் ஒரு கேள்விக்குறியும், அதன்பின் 'நிறம்=சிவப்பு', 'வரிசை=விலை' என்பன போன்ற துணுக்குகளும் சேர்கின்றன. எட்டு நிறம், ஐந்து விலை வரம்பு, நான்கு வரிசைமுறை என்று வைத்துக்கொண்டாலே, மூன்றையும் தேர்ந்தெடுக்கும் ஒரு பிரிவுக்கு 160 முகவரிகள் பிறக்கின்றன. எல்லாவற்றிலும் இருப்பவை அதே சேலைகள். தேர்வும் அடுக்கும் வரிசையும்தான் வேறு. நிறத்தை முதலில் சொடுக்கினால் ஒரு முகவரி, விலையை முதலில் சொடுக்கினால் மற்றொரு முகவரி என்று சில மென்பொருள்கள் இந்த எண்ணிக்கையை மேலும் பெருக்கும். ஒரே ஆளின் பெயரில் பத்து ரேஷன் அட்டை இருப்பதைப் போன்ற நிலைமை இது. பக்கங்களைத் தேடிப் படிக்கும் கூகுளின் நிரலான வலைத்தேடி இத்தனை கதவுகளையும் தட்டிப் பார்ப்பதிலேயே நேரத்தைச் செலவிடுவதால், புதிய சேலையின் பக்கத்துக்கு அது வந்துசேரத் தாமதமாகிறது.

சீர்செய்யும் வேலையை, எந்தப் பக்கங்களை மக்கள் உண்மையிலேயே தேடுவார்கள் என்று நீங்கள் முடிவு செய்வதிலிருந்து தொடங்க வேண்டும். இதைத் தொழில்நுட்பரிடம் விடாதீர்கள். கல்லாவில் அமர்ந்திருக்கும் உங்களுக்குத்தான் அது தெரியும். முகூர்த்தத்துக்குச் சிவப்புப் பட்டு தேடுபவர்கள் பலர் இருப்பார்கள். ஆகவே சிவப்புப் பட்டுக்குக் கேள்விக்குறி இல்லாத நிலையான முகவரி, தனித் தலைப்பு, நான்கு வரி விளக்கம் ஆகியவற்றோடு ஒரு பக்கம் அமையட்டும். 'விலை குறைவிலிருந்து அதிகம்' என்ற வரிசையை யாரும் கூகுளில் தேடப்போவதில்லை.

தேவையற்ற முகவரிகளில் கேனோனிகல் என்னும் குறியை இட வேண்டும். 'இதன் மூலப் பக்கம் இன்னது' என்று தேடுபொறிக்குச் சொல்லும் இந்தக் குறியை 2009 பிப்ரவரியில் கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து அறிமுகப்படுத்தின. இதைக் கூகுள் ஒரு குறிப்பாகவே எடுத்துக்கொள்ளும், கட்டளையாக அல்ல. பக்கங்கள் உண்மையில் ஒத்திருந்தால்தான் ஏற்கும். முகவரிகள் பல்லாயிரமாகப் பெருகிவிட்டால், வலைத்தேடி எங்கே நுழையலாம், கூடாது என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பின் வழியாக அந்தத் துணுக்குகள் உள்ள முகவரிகளுக்குள் வலைத்தேடி நுழையாமல் தடுக்கலாம். ஆனால் தடுக்கப்பட்ட பக்கத்தைக் கூகுள் திறப்பதே இல்லை என்பதால், அதற்குள் நீங்கள் எழுதிய கேனோனிகல் குறியும் அதன் கண்ணில் படாது. இரண்டையும் ஒரே முகவரியில் செய்துவிட்டு ஏன் பலனில்லை என்று கேட்பவர்கள் ஏராளம். பழைய கட்டுரைகள் சிலவற்றில், இதையெல்லாம் சர்ச் கன்சோலிலேயே அமைக்கலாம் என்று படித்திருப்பீர்கள். அந்தக் கருவியைக் கூகுள் 2022இல் எடுத்துவிட்டது.

சேலையின் தனிப்பக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். ஒரே சேலை 'பட்டு' பிரிவிலும் 'முகூர்த்தம்' பிரிவிலும் 'புதுவரவு' பிரிவிலும் இருக்கலாம். ஆனால் பிரிவின் பெயரை அதன் முகவரியில் கோத்தால் ஒரு சேலைக்கு மூன்று முகவரிகள் ஆகிவிடும். புதுவரவு ஆடிக்குப் பிறகு பழையதாகும்போது அந்த முகவரியும் பொய்யாகும். பிரிவு எதுவானாலும் 'சேலை' என்ற ஒரே அடுக்கின் (முகவரியில் சாய்கோடுகளுக்கு இடையே வரும் பகுதி) கீழ் எல்லாத் தனிப்பக்கங்களையும் வையுங்கள். விற்றுத் தீர்ந்து, இனி நெய்யப்போவதே இல்லை என்றால், அந்தப் பக்கத்தை பக்கம் இல்லை என்று சொல்லும் 404 அல்லது 410 என்ற பதிலோடு மூடிவிடலாம். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டால், கூகுள் அவற்றையும் இல்லாத பக்கங்களாகவே கணக்கிடும்.

கேள்வி: எங்கள் விடுதித் தளம் ஆங்கிலம், தமிழ், சிங்களம் மூன்றிலும் உள்ளது. மேலே உள்ள பொத்தானை அழுத்தினால் மொழி மாறும், முகவரி மாறாது. கூகுளில் ஆங்கிலப் பக்கம் மட்டுமே வருகிறது.
— விடுதி நடத்துபவர், யாழ்ப்பாணம்

பதில்: வலைத்தேடி பொத்தானை அழுத்தி மொழி மாற்றிப் பார்க்காது. உங்கள் தமிழ்ப் பக்கத்துக்கு முகவரி இல்லாததால், கூகுளைப் பொறுத்தவரை அப்படியொரு பக்கமே இல்லை. மூன்று மொழிக்கும் மூன்று அடுக்குகளை அமையுங்கள். தனித்தனித் துணைத்தளங்களாக வைப்பதும் தவறில்லை, ஆனால் சிறிய தளத்துக்கு அடுக்குகளே பராமரிக்க எளியவை. பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் பிற மொழி வடிவங்களைத் தேடுபொறிக்குச் சொல்லும் ஹெச்ரெஃப்லாங் குறியால் மற்ற இரண்டையும் சுட்டுங்கள். தமிழ்ப் பக்கம் ஆங்கிலப் பக்கத்தைச் சுட்டினால், ஆங்கிலப் பக்கமும் தமிழ்ப் பக்கத்தைச் சுட்ட வேண்டும். ஒருவழிச் சுட்டலைக் கூகுள் பொருட்படுத்தாது. வருபவரின் நாட்டைப் பார்த்துத் தானாக மொழியை மாற்றும் ஏற்பாட்டைத் தவிர்த்துவிடுங்கள். கூகுளின் வலைத்தேடி பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தே வருவதால், அதற்கு எப்போதும் ஆங்கிலம்தான் கிடைக்கும்.

கேள்வி: '.இந்தியா' என்று முடியும் தமிழ் முகவரி வாங்கினால் தேடலில் தனிச் சலுகை உண்டா?
— கல்லூரி மாணவர், சேலம்

பதில்: சலுகையும் இல்லை, குறைவும் இல்லை. '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' ஆகிய மூன்றும் தமிழில் முடியும் நாட்டு முகவரிகள். நாட்டுக் குறியீடு என்பதால் அந்தந்த நாட்டுக்கான தளம் என்று தேடுபொறி எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். விளம்பரப் பலகையில் தமிழில் எழுதிவைக்கலாம் என்பது நல்ல வசதி. சில இணையப் படிவங்கள் இவ்வகை முகவரியுள்ள மின்னஞ்சலை ஏற்பதில்லை என்பதால், வழக்கமான முகவரி ஒன்றையும் கையில் வைத்திருப்பது நல்லது.

கேள்வி: எங்கள் தளம் டபிள்யூடபிள்யூடபிள்யூ இட்டாலும் இடாவிட்டாலும் திறக்கிறது. கடைசியில் சாய்கோடு இட்டாலும் திறக்கிறது. இது நல்லதுதானே?
— அச்சகம் நடத்துபவர், மதுரை

பதில்: வருபவருக்கு நல்லது. ஆனால் எல்லா வடிவமும் ஒரே வடிவத்துக்குத் திருப்பிவிடப்பட வேண்டும். முகவரியின் தொடக்கத்தில் வரும் ஹெச்டிடிபி, ஹெச்டிடிபிஎஸ் என்ற இரண்டோடு டபிள்யூடபிள்யூடபிள்யூ உண்டு, இல்லை என்ற இரண்டையும் பெருக்கினால் ஒவ்வொரு பக்கத்துக்கும் நான்கு முகவரிகள். சாய்கோடு சேர்ந்தால் எட்டு. தளத்தின் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு இல்லை. அதற்குப் பின்வரும் பகுதியில் உண்டு. எட்டில் ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றை அதற்குத் திருப்பச் சொல்லுங்கள். ஹெச்டிடிபிஎஸ் வடிவமாக அது இருக்கட்டும், ஏனெனில் பாதுகாப்பான இணைப்பை 2014 ஆகஸ்ட் முதல் கூகுள் தரவரிசைக்கான சிறு காரணிகளுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. தளத்தின் பக்கங்களைத் தேடுபொறிக்குப் பட்டியலிடும் சைட்மேப்பிலும் உள் இணைப்புகளிலும் அதே வடிவம் வர வேண்டும்.

கேள்வி: பல ஆண்டுகளாகக் கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாகரில் எழுதிவருகிறேன். தமிழ்த் தலைப்புகளுக்கு அது 'பிளாக்-போஸ்ட்_17' என்பது போன்ற முகவரிகளைத்தான் தந்திருக்கிறது. இப்போது சொந்தப் பெயரில் வேர்ட்பிரஸுக்கு மாற விரும்புகிறேன். முகவரிகளையும் சேர்த்து மாற்றிவிடலாமா?
— தமிழாசிரியர், கும்பகோணம்

பதில்: பிளாகர் தன் முகவரிகளில் தமிழ் எழுத்தை ஏற்பதில்லை, தலைப்பில் ஆங்கில எழுத்து எதுவும் கிடைக்காதபோது இப்படி ஒரு பொதுப்பெயரை இட்டு எண் கொடுத்துவிடுகிறது. கட்டுரையை வெளியிடுமுன் வலப்பக்க அமைப்பில் நீங்களே ஆங்கில எழுத்தில் முகவரி தரும் வசதி உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

வையவலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998இலேயே, நல்ல முகவரி மாறாது என்ற கருத்தில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். அவர் சொன்னபடி உங்களால் செய்ய முடியும். முதலில், பிளாகரில் இருக்கும்போதே சொந்தப் பெயரை வாங்கி அதில் இணைத்துவிடுங்கள். பிளாகர் தந்த பழைய பிளாக்ஸ்பாட் முகவரிக்கு வருபவர்களைப் பிளாகரே புதிய பெயருக்குத் திருப்பிவிடும். சில மாதங்கள் கழித்து, கூகுளில் புதிய பெயர் நிலைபெற்ற பிறகு, வேர்ட்பிரஸுக்கு மாறுங்கள். முகவரியின் வடிவத்தை முடிவு செய்யும் வேர்ட்பிரஸின் பெர்மாலிங்க் அமைப்பில் ஆண்டு, மாதம், கட்டுரைப் பெயர், இறுதியில் ஹெச்டிஎம்எல் என்ற பின்னொட்டு ஆகியவற்றை அதே வரிசையில் எழுதினால், பிளாகரின் முகவரி வடிவமே இங்கும் கிடைக்கும். இறக்குமதிக்குப் பின் பத்துப் பதினைந்து பழைய இணைப்புகளைத் திறந்து சோதியுங்கள்.

'பிளாக்-போஸ்ட்_17' பார்க்க அழகாக இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பக்கத்தை மற்றவர்கள் சுட்டியிருக்கிறார்கள், மாணவர்கள் குறித்துவைத்திருக்கிறார்கள். அதை மாற்றுவதால் தேடலில் கிடைக்கப்போவது ஏதுமில்லை. சிலவற்றை மாற்றியே ஆக வேண்டும் என்றால், 301 என்னும் நிரந்தரத் திருப்பிவிடலைப் பயன்படுத்துங்கள், 302 தற்காலிகமானது. பழையதிலிருந்து புதியதற்கு நேராகத் திருப்புங்கள், இடையில் வேறு முகவரிகளைச் சங்கிலியாகக் கோக்காதீர்கள். குறைந்தது ஓராண்டாவது அதை வைத்திருக்கும்படி கூகுள் சொல்கிறது. இடச்செலவு ஏதும் இல்லாததால், நான் எடுக்கவே வேண்டாம் என்பேன்.

இன்னொன்று. கைபேசியில் பிளாகர் தளத்தைத் திறந்தால் முகவரியின் கடைசியில் 'எம்=1' என்று ஒரு துணுக்கு ஒட்டிக்கொள்ளும். வாசகர்கள் கைபேசியிலிருந்து பகிர்ந்த இணைப்புகள் பெரும்பாலும் அந்த வால் உள்ளவை. வேர்ட்பிரஸில் அந்தத் துணுக்கு இருந்தாலும் பக்கம் திறக்கிறதா, கேனோனிகல் குறி வால் இல்லாத முகவரியைச் சுட்டுகிறதா என்பதையும் சோதனையின்போது பார்த்துக்கொள்ளுங்கள்.